ரமணாசிரமம் டு ரோலர் கோஸ்டர்... திருவண்ணாமலையிலிருந்து ஒரே நாளில் போய் வர ஒரு பிளான்!

திருவண்ணாமலைக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, கிரிவலத்தை எங்கே தொடங்குவது என்று எழுதாத பத்திரிகை இல்லை, போடாத வீடியோ இல்லை. ஆனால், திருவண்ணாமலையிலேயே குடியிருப்பவர்கள் லீவு நாளில் எங்கே போவார்கள்? அதை யாரும் கேட்பதே இல்லை.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1896-ல் 16 வயதுச் சிறுவனாக இந்த ஊருக்கு வந்த ரமணர், 1922-ல் தாயாரின் சமாதி அமைந்த இடத்துக்கே வந்து தங்கினார். அதைச் சுற்றித்தான் ஆசிரமம் வளர்ந்தது. இன்று உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் அமைதி தேடி இங்கே வருகிறார்கள். மயில் அகவும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் வேண்டாம் என்று கண்ணை மூடி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இந்தத் தெருக்களில் வளரும் பிள்ளைகளுக்கு அந்த அமைதி தினமும் இலவசமாகக் கிடைக்கிறது. அவர்களுக்கு வேண்டியது கொஞ்சம் சத்தம்! "அப்பா, ரோலர் கோஸ்டர்ல எப்பப்பா கூட்டிட்டுப் போவ?" என்ற கேள்வி அரையாண்டு லீவில் ஆரம்பித்து, முழு ஆண்டு லீவு வரை ஓயாது. ஆட்டோ ஓட்டும் அப்பாவாக இருந்தாலும், லாட்ஜில் வேலை பார்க்கும் அம்மாவாக இருந்தாலும், ஊருக்குக் கூட்டம் வரும் நாள்தான் அவர்களுக்கு வருமான நாள். அதனால் வருஷத்தில் ஒரு நாள் ஒதுக்குவதே பெரிய விஷயம். அந்த ஒரு நாளைச் சொதப்பாமல் எப்படிப் பிளான் செய்வது? பார்க்கலாம்.

இடமா, வலமா?

ரமணாசிரம வாசலில் மலைக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து நில்லுங்கள். முன்னால் போவது கிருஷ்ணகிரி - திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலை. வலது பக்கம் திரும்பினால் செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூரு. இடது பக்கம் திரும்பினால் ஊருக்குள் போய், செஞ்சி, திண்டிவனம் வழியாக சென்னை. இரண்டு பெரிய கேளிக்கைப் பூங்காக்களும் இந்த ஒரே சாலையின் இரண்டு முனைகளைத் தாண்டித்தான் இருக்கின்றன.

வலது பக்கம் போனால் பெங்களூரு - மைசூரு சாலையில் பிடதியில் உள்ள வொண்டர்லா. 2005-ல் திறக்கப்பட்டது. பல வருஷங்களாக நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் 'பெரிய பார்க்' என்றால் இதுதான். ஆனால், பெங்களூரே சுமார் 200 கிலோமீட்டர். அதைத் தாண்டி பிடதி இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பெங்களூரு டிராஃபிக். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பார்க்கில் இருந்த நேரத்தைவிட வண்டியில் இருந்த நேரம்தான் அதிகமாக இருக்கும். ஓர் இரவு தங்க முடிந்தால் மட்டும் இந்தப் பக்கம் யோசியுங்கள்.

இடது பக்கம்தான் இப்போது கணக்கு மாறியிருக்கிறது. 2025 டிசம்பரில் சென்னை அருகே, திருப்போரூரை ஒட்டிய இள்ளலூரில் வொண்டர்லாவின் புதிய பூங்கா திறக்கப்பட்டது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக சுமார் 170 கிலோமீட்டர். நிறுத்தி டிபன் சாப்பிட்டுப் போனாலும் நான்கு, நாலரை மணி நேரம் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பழைய பூங்காக்களுக்கும் ஏறக்குறைய இதே வழிதான். ஒரே நாளில் போய் வர இந்தப் பக்கமே சரி.

முதலில் காலண்டரைப் பாருங்கள்!

வெளியூர்க்காரர்கள் பௌர்ணமி பார்த்து திருவண்ணாமலைக்குக் கிளம்புவார்கள். நாம் பௌர்ணமி பார்த்து, அந்த நாளைத் தவிர்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் செங்கம் சாலையும் ஒரு பகுதி. பௌர்ணமி அன்று ரமணாசிரமம் முன்னால் வண்டி ஓடாது, மனிதர்கள்தான் நடப்பார்கள். வெளியூர் வாகனங்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். காலையில் எப்படியோ கிளம்பிவிட்டாலும், ராத்திரி பத்து மணிக்குத் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் எல்லையிலிருந்து நடக்க வேண்டியிருக்கும்.

சித்ரா பௌர்ணமி கோடை லீவு சமயத்தில்தான் வரும். கார்த்திகை தீப நாள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பௌர்ணமிக்கு முதல் நாளும் மறுநாளும் சேர்த்து மூன்று நாள்களைக் காலண்டரில் அடித்துவிட்டு, மீதியில் தேதி பாருங்கள்.

எந்தக் கிழமை? பார்க்கில் கூட்டம் குறைவாக இருக்க வேண்டும் என்றால் செவ்வாய், புதன், வியாழன். ஒரு ரைடுக்கு அரை மணி நேரம் வரிசையில் நின்றால், ஒரு நாளில் ஏறக்கூடிய ரைடுகள் பாதியாகிவிடும். ஞாயிறுதான் முடியும் என்றாலும் ஒரு சௌகரியம் உண்டு. ஞாயிறு மாலை தென்மாவட்டங்களிலிருந்து சென்னையை நோக்கித்தான் வண்டிகள் குவியும். நீங்கள் எதிர்த்திசையில் வருவீர்கள். வெள்ளி மாலை இதற்கு நேர் தலைகீழ். அன்று சென்னையிலிருந்து திரும்பும் சாலையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பட்ஜெட் எவ்வளவு?

இள்ளலூர் பூங்கா திறக்கப்பட்டபோது அறிவிக்கப்பட்ட கட்டணம் ஒருவருக்கு 1,489 ரூபாய். கிழமை, சீசன், சலுகையைப் பொறுத்து இது மாறும். அதனால் கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான்கு பேருக்கும் முழு டிக்கெட் என்று வைத்தால் 5,956 ரூபாய். போக வர 340 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காராக இருந்தால் பெட்ரோலுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும். சுங்கச்சாவடி, சாப்பாடு, லாக்கர் வாடகை எல்லாம் சேர்த்தால் பத்தாயிரத்தை நெருங்கிவிடும்.

குறைக்க வழி இருக்கிறது. ஆன்லைனில் முன்கூட்டியே எடுப்பவர்களுக்கும், கல்லூரி அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கும் பூங்காக்கள் சலுகை தருவது வழக்கம். ஒரே தெருவில் உள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் வண்டிச் செலவு கணிசமாகக் குறையும். பஸ்ஸில்தான் போவோம் என்றால், கிளாம்பாக்கம் போகும் பஸ்ஸில் ஏறி செங்கல்பட்டில் இறங்கி, அங்கிருந்து திருப்போரூர் பஸ் பிடிக்கலாம். பெரிய பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது சரிவரும். கைக்குழந்தையோடு வேண்டாம்.

இன்னொன்று. ரைடில் ஏறாமல் நிழலில் உட்கார்ந்திருக்கப் போகும் பாட்டிக்கும் டிக்கெட் உண்டு. பாட்டி ஆசைப்பட்டால் கட்டாயம் கூட்டிப்போங்கள், முதியோர் சலுகை இருக்கிறதா என்று கேளுங்கள். 'வீட்டில் தனியாக விட வேண்டாமே' என்பதற்காக மட்டும் என்றால், வெயிலில் நாள் முழுக்க அவரை உட்கார வைப்பது யாருக்கும் நிம்மதி தராது.

வயசு இல்லை... உயரம்!

கேளிக்கைப் பூங்காவில் கண்ணீர் சிந்தும் இடம் ராட்சத ரோலர் கோஸ்டர் இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் அளவுகோல்! டிக்கெட்டில் குழந்தையா பெரியவரா என்பதையும், எந்த ரைடில் ஏறலாம் என்பதையும் பெரும்பாலும் உயரத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். இடுப்புப் பட்டையும் தோள் தடுப்பும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்காகச் செய்யப்பட்டவை. உயரம் குறைந்தால் அவை உடம்பைச் சரியாகப் பிடிக்காது. அங்கே போய், "சார், ரெண்டு சென்டிமீட்டர்தானே சார்" என்று கெஞ்சுவதில் அர்த்தம் இல்லை.

வீட்டுச் சுவரிலேயே செருப்பில்லாமல் நிற்க வைத்து உயரத்தை அளந்துவிடுங்கள். 'இந்த ரைடு இந்த வருஷம் உனக்கு இல்லை, இதெல்லாம் உண்டு' என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அங்கே அழுகை இருக்காது. உயரமான அண்ணனும் குட்டித் தங்கையும் இருந்தால், அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று பிரிந்துகொண்டு, மதியம் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாள் முழுக்க ஒரே ஆள் பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கும்!

பையில் என்ன?

தண்ணீர் விளையாட்டுகளில் காட்டன் உடையை அனுமதிப்பதில்லை. சேலை, ஜீன்ஸும் ஆகாது. நைலான், பாலியஸ்டர் டி-ஷர்ட், லெக்கிங்ஸ், ஷார்ட்ஸ் எடுத்துப்போனால் அங்கே வாங்கும் செலவு மிச்சம். ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு செட் மாற்றுத் துணி, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் கவர். நகைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கம்மல்கூட சறுக்கு மரத்தில் கழன்றால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வெளியில் செய்த சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். அதற்காக புளிசாதத்தை மறக்க வேண்டாம். காலை டிபனாகவோ, திரும்பும் வழியில் இரவுச் சாப்பாடாகவோ வண்டியிலேயே வைத்துச் சாப்பிடலாம். தயிர் சாதம் மட்டும் காலையோடு முடிந்துவிட வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மாலை வரை தாங்காது.

டைம் டேபிள் இதுதான்...

காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். திண்டிவனத்தைத் தாண்டி, 7 மணி வாக்கில் டிபன். 9.30-க்கு திருப்போரூர். பூங்காக்கள் பொதுவாகக் காலை 10 அல்லது 11 மணிக்குத் திறப்பார்கள். முதலில் வரிசை சேரும் பெரிய ரைடுகளை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் தண்ணீருக்குள் இறங்குங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே தலைகீழாகச் சுற்றும் எதிலும் ஏற வேண்டாம். மாலை 5 மணிக்கு உடை மாற்றி, ஒரு டீ. 5.30-க்கு வண்டி கிளம்பினால் பத்து மணிக்குள் வீடு.

வழியில் செஞ்சிக் கோட்டை கண்ணில் படும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. 'அப்படியே ஒரு எட்டு பார்த்துடலாமே' என்று யாராவது சொல்வார்கள். அதற்கென்று தனியாக ஒரு நாள் போங்கள்.

ரைடு பயமா, ரோடு பயமா?

ரைடுகளைப் பற்றிய பயம் நியாயமானதுதான். 2016 மே மாதம் தாம்பரம் பக்கம் ஒரு பூங்காவில் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் விபத்துக்குள்ளாகி ஊழியர் ஒருவர் இறந்தார். 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு ராட்சத ரைடு அந்தரத்தில் நின்றுபோய், முப்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் ஏணி வாகனத்தோடு வந்து இறக்கினார்கள். அதனால் பட்டை பூட்டியதும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தளர்வாகத் தோன்றினால் கையைத் தூக்கி ஊழியரைக் கூப்பிடுங்கள், கூச்சப்படாதீர்கள். கர்ப்பிணிகள், இதய நோய், கழுத்துவலி, முதுகுவலி உள்ளவர்கள் வேகமான ரைடுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆனால், நாம் பயப்பட மறந்துபோகும் இடம் வேறு. 2023 அக்டோபரில் இதே நெடுஞ்சாலையில், செங்கம் அருகே அடுத்தடுத்து நடந்த இரண்டு விபத்துகளில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரைடில் ஏறும் முன் பட்டையைச் சரிபார்க்க ஓர் ஊழியர் இருக்கிறார். ராத்திரி வீடு திரும்பும்போது, ஸ்டியரிங் பிடித்திருப்பவர் தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று சரிபார்க்க யார் இருக்கிறார்கள்?

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, நூற்று எழுபது கிலோமீட்டர் ஓட்டி, நாள் முழுக்கப் பிள்ளைகளோடு தண்ணீரில் ஆடிய அப்பா, இரவிலும் அதே தூரத்தை ஓட்டக் கூடாது. முடிந்தால் மஞ்சள் போர்டு வண்டியும் டிரைவரும் ஏற்பாடு செய்யுங்கள். தெரிந்தவரின் சொந்தக் காரை வாடகைக்கு எடுப்பது சட்டப்படி தவறு. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும். டிரைவருக்கு மதியச் சாப்பாட்டுக் காசும், நிழலில் மூன்று மணி நேரத் தூக்கமும் உங்கள் பட்ஜெட்டில் இருக்கட்டும். சொந்தக் காரில்தான் என்றால், ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் போங்கள். கொட்டாவி வந்தால் செஞ்சியிலோ திண்டிவனத்திலோ நிறுத்தி அரை மணி நேரம் கண்ணை மூடுங்கள். பத்து மணி வீடு, பத்தரை ஆனால் ஒன்றும் ஆகிவிடாது. பின்சீட்டில் இருப்பவர்களும் சீட் பெல்ட் போடுங்கள். ரைடில் கேட்காமலே போட்டுக்கொள்கிறோமே!

இந்த வருஷம் முடியாதா? சாத்தனூர் இருக்கே!

பத்தாயிரம் இந்த வருஷம் கைக்கு வராது, அல்லது பிள்ளைகள் இன்னும் குட்டி என்றால், தண்டராம்பட்டு வழியாக சுமார் 35 கிலோமீட்டரில் சாத்தனூர் அணை. தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் கட்டி முடிக்கப்பட்ட, 119 அடி உயரம் தண்ணீர் தேக்கும் அணை. பூங்கா, முதலைப் பண்ணை, வெளியே சுடச்சுட வறுத்துத் தரும் மீன். நான்கு வயதுக் குழந்தைக்கு வாயைப் பிளந்து கிடக்கும் முதலையைவிட பெரிய ரைடு எதுவும் இல்லை. காலை டிபனுக்குப் பிறகு கிளம்பினாலும் விளக்கேற்றும் நேரத்துக்கு வீடு வந்துவிடலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. மழைக்காலத்தில் அணைத் திறப்பு பற்றிய செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது இங்கிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வெளியேறியது. தண்ணீர் திறக்கும் நாளில் ஆற்றில் இறங்குவதோ, கரையில் நின்று செல்ஃபி எடுப்பதோ வேண்டவே வேண்டாம்.

சாத்தனூரோ, திருப்போரூரோ... தேதி முடிவானதும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அன்றிலிருந்து கிளம்பும் நாள் வரை அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பதும் டூரில் சேர்த்திதான். அதற்கு டிக்கெட் கிடையாது!