முதல் கிளினிக்கில் கேட்கும் கேள்விகள்

கர்ப்பிணியின் பிரஷர் 140/90ஐத் தொட்டபின் கருவி காட்டிவிடும். யாருக்கு அது ஏறக்கூடும் என்று மூன்றாம் மாதத்திலேயே கண்டுகொள்வதுதான் மருத்துவமாதுவான என் வேலை. கர்ப்பகால உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பின்னரே தலைகாட்டும். அதற்கு வழிவகுக்கும், நச்சுக்கொடி கருப்பையில் சரியாகப் பதியாத கோளாறோ அதற்கு முன்பே தொடங்கிவிடும். இதைத் தடுக்க வைத்தியர் தரும் சிறிய அளவு அஸ்பிரின் குளிசையையும் 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன்.

“போனமுறை பிரஷர் இருந்ததா?” என்று கேட்டால் பலர் “இல்லை மிஸ்” என்பார்கள். அதனால் நடந்ததைக் கேட்பேன். “மூத்தவர் எத்தினையாம் மாசம் பிறந்தவர்? எத்தினை கிலோ?” “எட்டாம் மாசம் மிஸ், ஒண்டரைக் கிலோ. தலையிடி எண்டு போனனான், அண்டைக்கே ஒப்பரேஷன் செய்து எடுத்திட்டினம்.” இதற்குமேல் என்ன வேண்டும்? அட்டையில் சிவப்பு மையால் எழுதிவிடுவேன்.

முன்னைய கர்ப்பத்தில் பிரஷர், ஏற்கெனவே உள்ள பிரஷர், சீனி வருத்தம், சிறுநீரக நோய், லூப்பஸ்: இவற்றில் ஒன்றே போதும். முதற்பேறு, 40 வயதோ அதற்கு மேலோ, மிகுந்த உடற்பருமன், இரட்டைப் பிள்ளை, இரு கர்ப்பங்களுக்கிடையே 10 வருடத்துக்கு மேற்பட்ட இடைவெளி, தாய்க்கோ சகோதரிக்கோ கர்ப்பகாலத்தில் பிரஷர் வந்திருப்பது: இவற்றில் இரண்டு சேர்ந்தாலும் வைத்தியரிடம் சொல்லியாக வேண்டும்.

கொழும்பில் வெள்ளவத்தைக் கிளினிக்கில் அந்த நீண்ட இடைவெளியைக் காண்பேன். கணவர் வெளிநாட்டில், விசா வர வருடங்கள் ஓடியிருக்கும். கொட்டாஞ்சேனையில் கூட வருபவர் மாமியார். மருமகளின் தாய்க்குக் கர்ப்பகாலத்தில் பிரஷர் இருந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அம்மா யாழ்ப்பாணத்திலோ ஹட்டனிலோ இருப்பார். கிளினிக்கில் இருந்தபடியே அவருக்குப் போன் எடுக்கச் சொல்வேன்.

அளப்பதிலும் அவசரம் கூடாது. வெயிலில் நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் இருத்தி, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்தே பட்டியைச் சுற்றுவேன். பருத்த கைக்குச் சின்னப் பட்டி சுற்றினால் இல்லாத பிரஷரும் தெரியும். “கருவாடு திண்டதாலதான்” என்று வீட்டார் ஏசினால் தடுத்துவிடுவேன். உப்பைக் குறைத்தால் இந்த வருத்தம் வராது என்பதற்கு ஆதாரமில்லை.

இந்தக் காரணங்கள் எதுவுமே இல்லாதவருக்கும் இது வருவதுண்டு. அதனால் எல்லாத் தாய்மாருக்கும் ஒன்றைச் சொல்லி அனுப்புவேன்: விடாத தலையிடி, கண்ணில் மின்னல், மேல்வயிற்று வலி, திடீரென முகமும் கையும் வீங்குதல். இவற்றில் எது வந்தாலும், பிள்ளை பிறந்த பின்னரானாலும், உடனே சொய்சா ஆஸ்பத்திரிக்கோ களுபோவில ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். இந்த வருத்தம் முற்றி வரும் வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேற் மருந்து இருக்கிறது. அது அந்த ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைப்பதை 33 நாடுகளில் நடந்த மேக்பை ஆய்வு 2002இல் காட்டியது. ஆனால் அதை ஆஸ்பத்திரியில்தான் ஏற்ற முடியும். விடியட்டும், கிளினிக் திறக்கட்டும் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.