இளைத்த மரங்கள்

இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக, 4 ஆண்டுகளுக்கு முன் மூத்த மாணவர் ஒருவர் அளந்த மரங்களையே மீண்டும் அளந்தேன். கணினியில் ஒப்பிட்டபோது தூக்கிவாரிப் போட்டது. 17 மெரந்தி மரங்கள் இளைத்திருந்தன! மரம் பட்டினி கிடக்குமா என்ன?

மரத்தின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். பலகை வேருள்ள மெரந்திக்கு அது ஒத்துவராது; வேருக்கு மேலே ஏறி நாடாவைச் சுற்ற வேண்டும். வேரோடு சேர்த்துச் சுற்றினால் விட்டம் பெருத்துக் காட்டும். அவர் எங்கே சுற்றினார்? கோப்பில் மர எண்ணும் விட்டமும் மட்டுமே இருந்தன. தொலைபேசியில் கேட்டேன். "மறந்துபோச்சு தம்பி," என்றார். 17 மரங்களும் ஆய்வேட்டிலிருந்து நீங்கின.

நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில், 50 ஹெக்டேரில், 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்று முதல் எல்லாவற்றையும் 1980களிலிருந்து திரும்பத் திரும்ப அளந்து வருகிறார்கள். அளப்பவர்கள் மாறுவார்கள், மரம் அங்கேயே நிற்கும். அளந்த உயரம், நாள், கருவி, அளந்தவர் பெயர் ஆகிய குறிப்புகளைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள்.

அண்ணன்மேல் கோபத்தோடு என் கோப்பைத் திறந்தேன். நானும் உயரத்தைக் குறித்திருக்கவில்லை. மறுவாரமே ஏணியும் சாயக் குவளையுமாகக் காட்டுக்குப் போனேன்.