திருடன் பார்க்கும் பஞ்சாங்கம்

திருடனுக்கும் பஞ்சாங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது! அந்தக் காலத்துத் திருடன் அமாவாசை என்றைக்கு என்று பார்ப்பான். இந்தக் காலத்து இணையத் திருடனோ வைகுண்ட ஏகாதசி என்றைக்கு, வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள் என்றைக்கு என்று பார்க்கிறான். ஊரே ஒரு விஷயத்துக்காகப் பரபரக்கும் நாள்தான் அவனுக்கு அமாவாசை.

2020-ஆம் வருஷம் மார்ச் 28-ந் தேதி, கொரோனா நிவாரணத்துக்காகப் 'பிஎம் கேர்ஸ்' நிதி அறிவிக்கப்பட்டது. பணம் அனுப்பும் முகவரி 'பிஎம்கேர்ஸ்' என்று ஆரம்பித்தது. உடனேயே 'பிஎம்கேர்' என்று ஒரு போலி முகவரி கிளம்பிவிட்டது! கடைசியில் ஓர் 'எஸ்' இல்லை, அவ்வளவுதான். தர்மம் செய்ய நீட்டிய கையிலேயே திருட்டு! 2025-இல் பிரயாகையில் மகா கும்பமேளா நடந்தபோதும் கூடாரம் தருகிறோம், அறை தருகிறோம் என்று போலி இணையதளங்கள் முளைத்தன.

நம் ஏழுமலையானையும் இவர்கள் விட்டு வைக்கவில்லை. 2023-இல் திருமலை தேவஸ்தானத்தின் இணைய முகவரி 'திருப்பதிபாலாஜி.ஏபி.கவ்.இன்' என்று இருந்தது. போலிக்காரர்கள் வைத்த பெயர் 'திருப்பதிபாலாஜி-ஏபி-கவ்.ஆர்க்'. புள்ளி இருந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு. 'இன்' இருந்த இடத்தில் 'ஆர்க்'. பக்கமோ அசல் போலவே இருந்தது.

ஒரு புள்ளியில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? புள்ளி போனால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடுகிறதே! புள்ளி தவறினால் கோலம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இணைய முகவரியைத் தபால் முகவரி மாதிரி பார்க்க வேண்டும். உறையில் எவ்வளவு பெரிய மனிதர் பெயர் இருந்தாலும், கடிதம் போய்ச் சேருவது கடைசி வரியிலுள்ள ஊருக்குத்தான். அதுபோல, இணைய முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு வருமுன் உள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, வலக்கோடியிலிருந்து படியுங்கள். 'கவ்.இன்' என்று முடிந்தால் அது இந்திய அரசாங்கங்களுக்கு மட்டுமே தரப்படும் பெயர். 'காம்', 'ஆர்க்' போன்ற பெயர்களையோ, ஒரு சாதாரணப் புடவை விலைக்கு யார் வேண்டுமானாலும் ஒரு வருஷத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். முன்னால் சுவாமி பெயரையும் ஒட்டிக்கொள்ளலாம், கேட்பார் இல்லை.

வங்கிகளுக்கும் இப்போது தனிப் பெயர் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வலக்கோடியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நாம் அல்லவா? நடுவில் எங்கேயாவது இருந்தால் பிரயோசனமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு மாமி, யாத்திரைக்கு அறை எடுக்கப்போய் எட்டாயிரம் ரூபாயைத் தொலைத்தார். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம். மூன்று நாள் வரையில் அவர் வாயே திறக்கவில்லை. "பணம் போனால் போகிறது. 'இத்தனை படித்தும் ஏமாந்தாயே' என்று கேட்பார்களே, அதற்கு என்ன பதில் சொல்வேன்?" என்றார். எனக்கு மனசு என்னவோ செய்தது. திருடினவனுக்கு வெட்கமில்லை, பறிகொடுத்தவருக்கு வெட்கம்! அந்த மூன்று நாளில் பணம் எத்தனை கை மாறியிருக்குமோ!

சகோதரிகளே, வெட்கப்படாதீர்கள். பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் வேறு கணக்குகளுக்குப் பறந்துவிடும் முன் அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: யாராவது ஏமாந்து வந்து நின்றால், முதலில் போனை எடுத்துக் கொடுங்கள், உபதேசத்தைச் சாவகாசமாக வைத்துக்கொள்ளலாம்.

"இன்னும் ஐந்தே நிமிஷம், இரண்டே அறை பாக்கி!" என்று திரையில் ஓடினால் பதறாதீர்கள். சுவாமி எங்கேயும் ஓடிவிட மாட்டார். வலக்கோடியிலிருந்து ஒரு தடவை படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.