பனியன் ஊரில் மோர்ஸ் பழகுகிறவர்கள்

திருப்பூரில் சிற்றலை ரேடியோவைத் திறந்தால் முதலில் காதில் விழுவது நிட்டிங் மிஷின்தான். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டி, மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டிக் கொடுக்கிறது. அந்த வெட்டில் கசிவது கரண்ட் ஒயரையே ஏரியலாக்கிக்கொண்டு தெரு முழுக்கப் பரவிவிடும். தையல் மிஷின்களின் சர்வோ மோட்டார், மலிவு விலை எல்.இ.டி. விளக்கு எல்லாம் தங்கள் பங்குக்குச் சேர்ந்துகொள்ள, ஸ்பீக்கரில் கிடைப்பது விடாத கரகரப்பு. அதற்குள் ஒரு மனிதக் குரலைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

பி.என். ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு வீதியில் இந்தக் கரகரப்போடுதான் நான் பார்க்கப் போனவர் உலகத்தோடு தொடர்பு வைத்திருக்கிறார். நிட்டிங் கம்பெனியில் பிட்டர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, தெருவில் எல்லோருக்கும் மாஸ்டர். உரிமம் வாங்கிய அமெச்சூர் வானொலிக்காரர், வி.யூ.2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வைத்திருக்கிறார். மைக்கை அநேகமாகத் தொடுவதே இல்லை, மோர்ஸின் புள்ளியும் கோடும்தான்.

"பேசறதுக்கு ரெண்டாயிரத்தி நானூறு ஹெர்ட்ஸ் அகலம் வேணுமுங்க. அவ்வளவு அகலமாக் கதவைத் தெறந்தா சத்தமும் அவ்வளவும் உள்ள வந்துரும். மோர்ஸுக்கு எரநூத்தம்பது போதும். ஒருக்களிச்சு வெச்சாச் சரி."

இந்தப் பழைய வித்தை இன்னும் ஏன் உயிரோடு இருக்கிறது என்பதற்கு நான் கேட்ட காரணங்களில் இதைவிட நேரானது இல்லை. அவருடைய பெட்டி, ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ். பத்து வாட் சொச்சம்தான் அனுப்பும். அதன் பின்னால் ஒரு ஆடியோ ஃபில்டரைச் சேர்த்திருக்கிறார். கரண்டிலிருந்து இரைச்சல் ஏறக்கூடாது என்று 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுகிறார். மொட்டைமாடியில், துணி காயும் கொடிகளுக்கு மேலே, பத்து மீட்டர் ஒயர் நடுவில் வெட்டிக் கட்டப்பட்டிருக்கிறது. 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனா அவ்வளவுதான்.

வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு மோர்ஸின் செய்தி போனது 1844-இல். இந்தியாவில் தந்தி நின்றது 2013 ஜூலையில். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 2003-இல் கூடிய உலக வானொலி மாநாடு, அமெச்சூர் உரிமத்துக்கு மோர்ஸ் கேட்பதா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டுவிட்டது. பல நாடுகள் தேர்வையே எடுத்துவிட்டன. இங்கே ரெஸ்ட்ரிக்டெட் கிரேடுக்கு மோர்ஸ் வேண்டாம், வி.யூ.3 கிடைக்கும். ஜெனரல் கிரேடு வேண்டுமென்றால் நிமிஷத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் வாங்கவும் அனுப்பவும் தெரிய வேண்டும். அந்தத் தேர்வை விட்டுவைத்தது நல்ல காரியம் என்பது என் எண்ணம். கட்டாயம் இல்லாத இடத்தில் கைத்தொழில் பழகுகிறவர்கள் எத்தனை பேர்?

மாஸ்டரிடம் இப்போது பழகுகிறவன் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். ஓவர்லாக் டைலர். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு மேல் வருகிறான். முதலில் வந்தபோது புள்ளியும் கோடுமாக அச்சடித்த அட்டவணை ஒன்றைக் கையில் வைத்திருந்தானாம். மாஸ்டர் அதை வாங்கி மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

"கண்ணுல படிச்சா காதுக்கு வராது தம்பி."

அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. நிமிஷத்துக்கு 20 வார்த்தை வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லிசெகண்ட். அதை எண்ணி, மனத்தில் அட்டவணையைப் புரட்டி, எழுத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த எழுத்தும் போய்விடும். லுட்விக் கோஹ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1930-களில் சொன்ன வழி வேறு. முதல் நாளே முழு வேகத்தில் இரண்டே எழுத்து. நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் மூன்றாவது எழுத்து. பையன் கே, எம் என்று தொடங்கினான். 'டாடிடா', 'டாடா'. ஒவ்வொரு எழுத்தும் ஒரே ஓசை, உள்ளே பிரித்துப் பார்க்கக்கூடாது. வி.யூ.2 எப்படி இருக்கும் என்று கேட்டேன். 'டிடிடிடா, டிடிடா, டிடிடாடாடா' என்று பயிற்சி ஆசிலேட்டரில் அடித்துக் காட்டினார். நம் நாட்டு அழைப்புக்குறியின் தலைப்பே ஒரு தாளக்கட்டு.

பையனுக்கு இடறுவது எஸ், ஹெச், 5. மூன்று புள்ளி, நாலு புள்ளி, ஐந்து புள்ளி. வேகம் கூடினால் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். அவன் எண்ணத் தொடங்குவது முகத்திலேயே தெரியும், உதடு அசையும். மாஸ்டர் உடனே நிறுத்திவிடுவார்.

"ஓவர்லாக்குல ஊசி மொக்கையாச்சுன்னா எப்படித் தெரியும் உனக்கு?"

"சத்தம் மாறிரும்ண்ணே."

"எண்ணிப் பாக்கறயா?"

பையன் சிரித்தான். மாஸ்டரின் சொந்த வேலையும் அதுதான். 30 இஞ்ச் டயா, 24 கேஜ் மிஷினில் இரண்டாயிரத்து இருநூற்றுக்கு மேல் ஊசி. அதில் ஒன்றின் நாக்கு போனால் துணியில் நெடுகக் கோடு விழும். நல்ல பிட்டர் துணியைப் பார்க்கும் முன்பே ஓட்டத்தில் ஒரு 'டிக்' கேட்டு மிஷினை நிறுத்துவான். பகலெல்லாம் இரைச்சலுக்குள் நின்று அதில் ஒரே ஒரு மாறுதலைப் பிடிக்கப் பழகிய காதுகள் இந்த ஊரில் ஏராளம். மோர்ஸ் கேட்பது அதே வேலை.

கை மட்டும் வேறு கதை. மாஸ்டரின் மோர்ஸ் கீ பித்தளை. அடித்தட்டை அனுப்பர்பாளையத்துப் பட்டறை ஒன்றில் அறுத்து வாங்கியிருக்கிறார். தொடுமுனைகளுக்கு இடையே ஒரு காகிதம் நுழையும் சந்து. ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் மணிக்கட்டு நோகும், தளர்ந்தால் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். முழங்கை மேஜையில், மூன்று விரல் குமிழில், அசைவது மணிக்கட்டு. கோடு என்பது மூன்று புள்ளி நீளம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே ஏழு. இந்த ஏழுதான் பையனுக்கு வரவில்லை. பீஸ் ரேட்டில் ஓடிய கை சும்மா நிற்க மறுக்கிறது. "வேகம் வேண்டா. இடைவெளிய முழுங்காத" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சம்பளம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதிக்கு மேல் டிரைவ்கள் நின்றிருந்தன. கரகரப்பு நன்றாக இறங்கியிருந்தது. மாஸ்டர் 14.100-க்குத் திருப்பினார். உலகெங்கும் 18 நிலையங்கள் ஆளுக்குப் பத்து செகண்டாக, மூன்று நிமிஷத்துக்கு ஒரு சுற்று வரும் அலைவரிசை அது. ஹாங்காங் முடிந்ததும் கொழும்பின் 4எஸ்7பி. அழைப்புக்குறி, பிறகு நாலு நீளக் கோடு: 100 வாட், 10 வாட், ஒரு வாட், கடைசியில் வாட்டில் பத்தில் ஒரு பங்கு. பையன் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"மூணு கேட்டுச்சுண்ணே. நாலாவது இல்ல."

ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு வாட். சைக்கிள் டைனமோவில் இதைவிட அதிகம் வரும்.

பிறகு அலைவரிசையில் கீழே இறங்கி, வெற்றிடம் பார்த்து மாஸ்டர் சிக்யூ, அதாவது யாருக்கானாலும் பொதுவான அழைப்பு, அடித்தார். பையனுக்கு உரிமம் இல்லாததால் கீயைத் தொட விடவில்லை. தாளும் பென்சிலும் அவன் பங்கு. மூன்றாவது அழைப்புக்கு ஜப்பான் வந்தது. ஜப்பான்காரர் கொடுத்த ரிப்போர்ட், அதாவது சத்தம் எப்படிக் கேட்கிறது என்ற மதிப்பெண், 559, நாங்கள் கொடுத்தது 579. போட்டி நாட்களில் எல்லோருக்கும் 599 கொடுக்கும் வழக்கம் உண்டு. மாஸ்டர் கேட்டதைத்தான் கொடுப்பார். பெயர், ஊர், பத்து வாட், விடைபெறும் 73. நாலு நிமிஷத்தில் முடிந்தது. லாக் புத்தகத்தில் நேரம் 0122, உலக நேரப்படி.

இருவரும் தாள்களை ஒப்பிட்டார்கள். பையன் பெயரைப் பிடித்திருந்தான், ரிப்போர்ட்டையும் பிடித்திருந்தான். யோகோஹாமா என்ற ஊர் அவன் தாளில் யோகோசாமா ஆகியிருந்தது. ஹெச்சில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது.

ரெஸ்ட்ரிக்டெட் வேண்டாம், நேரே ஜெனரலுக்கே எழுதப்போகிறேன் என்றான். அதன் மோர்ஸ் தேர்வு ஐந்து நிமிஷம், 200 எழுத்து. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் ரேடியோவை அணைத்துவிட்டு ஆசிலேட்டரை முன்னால் இழுத்தார். எஸ்ஸும் ஹெச்சும் மாறி மாறி வருகிற வார்த்தைகளாக அடிக்கத் தொடங்கினார்.