ராமநாதபுரத்தை விட்டுவிட்ட வழி

பரிணாம அல்காரிதம் வகுப்பின் முதல் நாளில், கன்னாபின்னாவென்று வளைத்த ஜெம் கிளிப் மாதிரி ஒரு படத்தைக் காட்டினார்கள். 2006இல் நாசா அனுப்பிய சிறு செயற்கைக்கோள்களில் இருந்த ஆன்டெனா அது. அந்த வடிவத்தை எந்தப் பொறியாளரும் வரையவில்லை. கணினி தலைமுறை தலைமுறையாகக் கலந்து, மாற்றி, கழித்துக் கண்டடைந்தது. 1975இல் ஜான் ஹாலண்ட் புத்தகமாக எழுதிய யோசனைதான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது லேபில்தான்.

20 ஊர்களைச் சுற்றிவர மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிப்பது பயிற்சி. ஊர்களை நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் அப்பாவின் ஊர்களை எடுத்தேன். அவர் மதுரையிலிருந்து பைக்கில் பிஸ்கட் ஆர்டர் எடுக்கப் போன ‘லைன்’: விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம், பரமக்குடி, ராமநாதபுரம் என்று 20.

20 ஊருக்குச் சுமார் 608 கோடி கோடி வழிகள் உண்டு. எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. அதனால் குருட்டாம்போக்கில் 100 வழிகளை உண்டாக்கி, தூரம் குறைந்தவற்றைப் பெற்றோராக்கி, பாதி இதிலும் பாதி அதிலும் வெட்டி ஒட்டிப் பிள்ளைகளைப் பிறப்பித்தேன். 200 தலைமுறை ஓடியது. தூரம் சரசரவென்று இறங்கியது. சந்தோஷத்தில் வழியை அச்சிட்டுப் பார்த்தால், விருதுநகர், விருதுநகர், சிவகாசி, மறுபடி விருதுநகர். ராமநாதபுரம் எங்குமே இல்லை. வெட்டி ஒட்டியதில் சில ஊர்கள் இரண்டு முறை வந்தன, சில காணாமல் போயின. நான் தூரத்துக்கு மட்டும்தான் மதிப்பெண் போட்டிருந்தேன். போகாமலே இருப்பதுதான் குறுகிய வழி என்று அது கண்டுபிடித்துவிட்டது. அதன் மேல் தப்பே இல்லை.

பிறகு திருத்தினேன். ஒரு பெற்றோரிடமிருந்து ஒரு துண்டை அப்படியே எடுத்து, மீதி ஊர்களை மற்றவருடைய வரிசைப்படி நிரப்ப வேண்டும். அப்போது எந்த ஊரும் விடுபடாது. அடுத்த சிக்கல், சீக்கிரமே 100 வழிகளும் ஒரே வழியாகிப்போயின. கலக்க வேறு எதுவும் இல்லை. அங்கங்கே ஒரு துண்டைத் திருப்பிப்போடும் சின்ன மாற்றத்தைச் சேர்த்ததும் மறுபடி நகர ஆரம்பித்தது.

கடைசியில் கிடைத்த வழியை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு விரலால் ஒவ்வொரு ஊராகத் தொட்டார்.

“நல்லாத்தான்டா இருக்கு. இந்த வழி எனக்கும் தெரியும்.”

“அப்புறம் ஏன்ப்பா நீங்க பரமக்குடி போயிட்டுத் திரும்ப இந்தப் பக்கம் வருவீங்க?”

“கம்பெனியில படி கிலோமீட்டர் கணக்குல்ல? சம்பளம் வீட்டுக்குச் சரியாப் போயிரும். உன் ஃபீஸ் அந்தக் கிலோமீட்டர்லதான் வந்துச்சு.”

சொல்லிவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அது சரியா தப்பா என்று நான் கேட்கவில்லை. பொய்க்கணக்கு எழுதவில்லை, எழுதிய தூரமெல்லாம் வெயிலில் ஓட்டிய தூரம்.

பயிற்சிக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. தூரத்தைக் குறைக்கச் சொல்லும் அந்த ஒரு வரியை மட்டும் பல நாள் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எழுதும் முன் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.