யெஸ்டியும் ரெண்டு ஆயில் சீலும்

மஞ்சள் வெட்டு, வேக வைக்கறது, காயப் போடறதுன்னு ஓடிக்கிட்டே இருந்ததால ஒரு மாசமா எதுவும் எழுதலை. இன்னிக்கு விவசாயம் இல்லை, வண்டிக் கதை.

போன மாசம் ஒரு சாயங்காலம் கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் கார்ல வந்து எங்க களத்துமேட்டுல இறங்கினார். நாற்பது வயசு இருக்கும். சாளைக்குள்ள சாக்குப் போட்டு மூடி வெச்சிருந்த வண்டியைப் பார்க்கணும்னார். எங்க அப்பா வாங்கின 1986 மாடல் யெஸ்டி ரோடு கிங். சாக்கை எடுத்ததும் அவர் பேசவே இல்லை. சுத்திச் சுத்தி வந்தார். டேங்க் மேல கையை வெச்சார். அப்புறம் "அண்ணா, ஒண்ணு அறுபது தர்றேன். இப்பவே அட்வான்ஸ் வாங்கிக்கங்க" என்றார். ஒரு லட்சத்து அறுபதாயிரம்! வண்டி அப்ப ஸ்டார்ட் கூட ஆகாது. மகளுக்குக் காலேஜ் ரெண்டாவது தவணை பீஸ் கட்ட வேண்டிய நேரம் வேற. "பத்து நாள் கொடுங்க, சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

சின்ன வயசுப் பசங்களுக்கு யெஸ்டி என்றால் என்னவென்று தெரியாது, அதனால கொஞ்சம் சொல்லிடறேன். எங்க சத்தியமங்கலத்தில் இருந்து பண்ணாரி, திம்பம் ஏறி, சாமராஜநகர் வழியாகப் போனால் மைசூர். அங்கே யாதவகிரியில் ஐடியல் ஜாவா என்று ஒரு கம்பெனி. செக் நாட்டு ஜாவா வண்டியை உரிமம் வாங்கி 1961-ல் இருந்து செய்தார்கள். 1973-ல் பேரை யெஸ்டி என்று மாற்றினார்கள். 1978-ல் ரோடு கிங் வந்தது. 250 சிசி, டூ ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டர், ஆனால் ரெண்டு பக்கமும் சைலன்சர். செக் நாட்டுக்காரர்கள் மண் மேட்டிலும் பள்ளத்திலும் பந்தயம் விட்ட எஞ்சினின் வம்சம் அது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் பைக் ரேஸ் நடந்த காலத்தில் யெஸ்டியும் அங்கே ஓடியிருக்கிறது. அந்தப் பேரை வெச்சே எங்க ஊர்ல பாதிப் பேர் வாங்கினாங்க. ரேஸ் வண்டியில பால் கேனைக் கட்டிக்கிட்டுப் போனாங்க என்பது வேற கதை.

இந்த வண்டியில கிக்கரும் கியரும் ஒரே லிவர். இடது பக்கம். உள்ளே தள்ளி மேலே நிமிர்த்தினால் கிக்கர். உதைத்து முடித்துப் பழைய இடத்துக்குத் தட்டி விட்டால் கியர். பழகாதவன் கிக்கரைத் தேடி வலது பக்கம் குனிந்து பார்ப்பான். ஓடும்போது கிளட்ச் பிடிக்காமலே கியர் மாத்தலாம், லிவரை மிதிச்சாலே கிளட்ச் தானா விலகும். அப்பா ஒரு கையில் மண்வெட்டியைத் தோளோடு பிடித்துக்கொண்டு வாய்க்கால் வரப்பில் ஓட்டுவார் என்றால் அதுக்கு இதுதான் காரணம்.

பாசம் இப்படி. தொந்தரவு எப்படி என்றும் சொல்ல வேண்டும் இல்லையா?

ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் கூடவே ஆயில் அளந்து ஊற்ற வேண்டும். இத்தனை பெரிய டூ ஸ்ட்ரோக்கில் லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் தாண்டினாலே அன்னிக்குப் பாயசம் வைக்கலாம். பிளக்கில் கரி பிடிக்கும். டைமிங் கொஞ்சம் முன்னே போய்விட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். எண்பதுகளின் நடுவில் ஜப்பான்காரர்களோடு சேர்ந்து நூறு சிசி வண்டிகள் வர ஆரம்பித்தன. கம்மிப் பெட்ரோல், கம்மி வேலை, ஒரே உதை. எங்க தெருவில் இருந்த அஞ்சு யெஸ்டியில் நாலு பத்து வருஷத்துக்குள்ள கைமாறிப் போச்சு. 1996-ல் மைசூர் ஃபேக்டரியையும் மூடிட்டாங்க. "கம்பெனியே இல்லாத வண்டியை வெச்சுக்கிட்டு என்னங்க பண்ணுவீங்க" என்று எல்லாரும் அப்பாவைக் கேட்டார்கள். அப்பா, "காளை வாங்கினவங்க கம்பெனி கேட்டா வாங்கறீங்க?" என்பார்.

நான் அந்த வண்டிக்குச் செய்த பாவம் ஒன்று உண்டு. 1999. எனக்கு இருபத்தி ரெண்டு வயசு. தாளவாடியில் ஒரு கல்யாணம். பங்கில் பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டு, ஆயில் ஊற்ற மறந்து, திம்பம் ஏறிவிட்டேன். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் எஞ்சின் ஒரு இழுப்பு இழுத்து, பின் சக்கரம் கோடு போட்டு நின்றது. பிஸ்டன் பிடித்துக்கொண்டது. யானை நடமாடுற காடு, மணி அஞ்சு. நல்ல வேளை ஏத்தத்தில் நின்றது. திருப்பி நியூட்ரலில் விட்டு, எஞ்சின் சத்தமே இல்லாமல் பண்ணாரி வரைக்கும் உருண்டே வந்து, அங்கிருந்து ஒரு கரும்பு லாரிக்காரரைக் கெஞ்சி ஏற்றி வந்தேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி, "ஆயில் ஊத்துனியா?" என்றார். நான் பேசவில்லை. "செரி, சாப்புடு. காலைல பாய்கிட்டப் போலாம்" என்றார். அவ்வளவுதான்.

பாய் சத்தி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருப்பவர். போர் பண்ணி, பெரிய சைஸ் பிஸ்டன் போட்டு, பத்து நாளில் ஓட விட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ரிப்பேருக்கும் என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். இந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரிஞ்ச எல்லாம் அது கெட்டுப் போன நாட்களில் தெரிஞ்சதுதான்.

பெரிய தலைவலி சாமான். ஒரு தடவை ஒரு கடையில் பளபளவென்று பேப்பரில் சுற்றி ஒரிஜினல் என்று பிஸ்டன் ரிங் கொடுத்தார்கள். ஒரு மாசம் தாங்கலை. அப்புறம் மைசூருக்கே போய் சந்து சந்தாகத் தேடினேன். ஒரு பெரியவர் பழைய பிஸ்கட் டின்னில் இருந்து எடுத்துக் கொடுத்தார். பஸ் செலவு சாமான் விலையை விட ரெண்டு மடங்கு. வீட்டில் கணக்குக் கேட்டபோது சாமான் விலையை மட்டும்தான் சொன்னேன்.

ஜூலை மாசம் ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமையை ஜாவா தினம் என்று கொண்டாடுகிறார்கள், தெரியுமா? ஊர் ஊருக்குப் பழைய ஜாவா, யெஸ்டிக்காரர்கள் ஒண்ணு கூடுவார்கள். ஒரு வருஷம் நானும் போனேன். பெருமை பேசுவார்கள் என்று நினைத்துப் போனால், அத்தனை பேரும் புலம்புகிறார்கள்! ஒருத்தருக்குக் கார்பரேட்டர் ஒழுகுகிறது. ஒருத்தருக்கு ரெண்டாவது கியர் நழுவுகிறது. ஒருத்தர் பேன்ட்டைத் தூக்கி கிக்கர் அடித்த தழும்பைக் காட்டுகிறார், போர்க்காயம் மாதிரி. "அப்ப வித்துருங்களேன்" என்று விளையாட்டுக்குச் சொன்னேன். குடும்பத்தைத் திட்டினது போல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவங்கவங்க திட்டலாம், அடுத்தவன் சொல்லக் கூடாது.

2018 நவம்பரில் மஹிந்திராவைச் சேர்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸ் கம்பெனி ஜாவா பேரில் புது வண்டி விட்டது. 2022 ஜனவரியில் யெஸ்டி பேரிலும் வந்தது. போர் ஸ்ட்ரோக், தண்ணியில் குளிரும் எஞ்சின், பட்டன் ஸ்டார்ட். பழைய ஆட்களில் சிலர் சந்தோஷப்பட்டார்கள், சிலர் "பேர் மட்டும்தான் அது" என்றார்கள். நான் ஒருத்தரோடதை ஓட்டிப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. ஆனால் இடது கால் தன்னால் கிக்கரைத் தேடியது. அது வண்டியோட குத்தம் இல்லை.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். என் வண்டிக்கு கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது. முப்பத்தொன்பது வயசு ரப்பர், போகாமல் என்ன செய்யும்? கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி வெள்ளைப் புகையாகக் கக்கியது, அப்புறம் ஸ்டார்ட்டே ஆகவில்லை. பாயிடம் போனேன். எழுபது தாண்டிவிட்டது அவருக்கு. கண்ணில் புரை. பையன் கடையை மொபைல் கடையாக மாற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, எஞ்சினைப் பிரிச்சுக் குடுக்கறேன். பாயிண்ட் கேப் எனக்கு இனிமே தெரியாது. நீங்கதான் வைக்கணும்" என்றார்.

"எனக்கு எப்படிங்க பாய் வரும்?"

"இருபத்தஞ்சு வருஷமா பக்கத்துல உக்காந்து என்னத்தைப் பார்த்தீங்க?"

அன்னிக்கு ராத்திரி தூக்கம் இல்லை. பாயும் இல்லாமல் போனால் இந்த வண்டி வெறும் இரும்பு. அறுபதாயிரம் சேர்த்து ஒரு லட்சம் கொடுக்கிறவர் நல்லா வெச்சுக்குவார். அவருக்கு ஆள் இருக்கும், இடம் இருக்கும். விற்கறதுதான் நியாயம் என்று எனக்கே தோன்றியது. காலையில் மனைவியிடம் சொன்னேன். "உங்க இஷ்டமுங்க. ஆனா வித்துப்போட்டு அப்புறம் ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

இருந்த ஒரே ஒரு பழைய சீலைப் போட்டு பாய் எஞ்சினை மூடிக் கொடுத்தார். அதுவும் கொஞ்சம் காய்ஞ்சதுதான், எத்தனை நாள் தாங்குமோ. வீட்டுக்குக் கொண்டு வந்து, மகள் டார்ச் அடிக்க, பாயிண்ட் கேப் வைத்தேன். பாய் அளவுக்கு வைக்கிற கருவி கல்யாணப் பத்திரிகைதான். அட்டை நுழையணும், லேசா உரசணும். மகள் காலேஜில் இருந்து லீவுக்கு வந்திருந்தாள். "அப்பா, இதுக்கெல்லாம் வீடியோ இருக்கு" என்று போனில் காட்டினாள். அதிலும் ஒருத்தர் அட்டைதான் வைத்துக்கொண்டிருந்தார். ஏழு உதையில் ஒண்ணும் இல்லை. எட்டாவதில் திருப்பி அடித்தது. நொண்டிக்கொண்டே திரும்பக் கேப்பைச் சரி செய்து உதைத்தேன். ரெண்டாவது உதையில் பிடித்தது. ரெண்டு சைலன்சரிலும் அந்தச் சத்தம் வந்ததும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வரப்பில் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். அப்பா போய் ஆறு வருஷமாச்சு.

மறுநாள் ஈரோடு மார்க்கெட்டுக்குப் போய், நல்ல விலைக்குக் காத்திருந்த பழைய மஞ்சளில் பத்து மூட்டையை அன்றைய விலைக்கே போட்டுவிட்டேன். பீஸ் கட்டியாச்சு. அடுத்த வாரமே குவிண்டாலுக்குக் கொஞ்சம் ஏறிச்சு. "மஞ்சளை வித்து வண்டியை வெச்ச ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்" என்று மனைவி இன்னும் சொல்கிறாள். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் செய்தேன். "தப்பா நினைக்காதீங்க, வண்டி கொடுக்கறதா இல்லைங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "பரவால்லைங்ணா. எங்கப்பா வித்த வண்டியும் இதே மாடல்தான். பத்து வருஷமாத் தேடறேன்" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, உங்ககிட்ட கிராங்க் ஆயில் சீல் கூடுதலா எதாச்சும் இருக்குங்களா?"

சிரித்துவிட்டார். வண்டி இல்லாத மனுசன், கிடைக்கிற சாமானை எல்லாம் வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறார். நாலு சீல் இருக்கிறதாம். ரெண்டு பார்சலில் அனுப்பினார். காசு வாங்கவில்லை. நான் அஞ்சு கிலோ மஞ்சள் தூள் அனுப்பினேன்.

வர்ற ஜூலைக்கு அவரை வரச் சொல்லியிருக்கிறேன், ஒரு ரவுண்டு ஓட்டட்டும் என்று. கிக்கர் எந்தப் பக்கம் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்காது.