மனுவில் ஒரு சொல்

எம்.ஏ. சமூகவியல் படித்தபோது எனக்கு ஆங்கிலம் என்றால் மதிப்பெண். கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் மனு எழுத உதவும் இந்த வேலைக்கு வந்த பிறகு, ஆங்கிலம் என்றால் ஒருவருடைய வழக்கு. ஆங்கிலத்தில் மனு எழுதும் தோழர்களுக்கு நான்கு விஷயங்கள் சொல்ல வேண்டும்.

ஒன்று, 'திட்டினார்' என்பதற்கு 'ஸ்கோல்டட்' என்று எழுதாதீர்கள். படிக்காத பிள்ளையை அம்மா செய்வதுதான் ஸ்கோல்ட். சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவில் உள்ள சொல் 'அப்யூஸ்'. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே தமிழில் மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். மொழிபெயர்த்தால் அதன் கொடூரம் பாதி போய்விடும்.

இரண்டு, 'பப்ளிக் பிளேஸ்' வேறு, 'வித்தின் பப்ளிக் வியூ' வேறு. சட்டம் கேட்பது இரண்டாவதை. 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியது. தனியார் இடமாக இருந்தாலும் தெருவிலிருந்து தெரிந்தால் பிரிவு பொருந்தும். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்தது என்பதால் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. எனவே சம்பவம் எங்கே நடந்தது, சொந்தக்காரர்கள் அல்லாமல் யார் யார் பார்த்தார்கள் என்பதை எழுதுங்கள்.

மூன்று, தமிழில் 'அடிச்சான்' என்றால் வினைக்குள்ளேயே ஆள் இருக்கிறான். ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் பீட்டன்' என்று நிறுத்தினால் அடித்தவன் வாக்கியத்திலிருந்தே தப்பிவிடுகிறான். அவன் பெயரை எழுவாயாக வையுங்கள். காலமும் சரியாக இருக்கட்டும்: 'எஸ்டர்டே ஹி ஹேஸ் பீட்டன் மீ' தவறு, 'எஸ்டர்டே ஹி பீட் மீ' சரி.

நான்கு, மலையிலிருந்து வரும் தோழர்களுக்கு. வெறுமனே 'மலையாளி' என்று எழுதினால் டெல்லியில் வாசிப்பவர் கேரளத்துக்காரர் என்று நினைப்பார். 'மலையாளி, ஷெட்யூல்டு ட்ரைப், தமிழ்நாடு' என்று முழுதாக எழுதுங்கள்.

ஆங்கிலம் தெரியாதது குறையல்ல. காவல் நிலையத்தில் தமிழிலேயே புகார் தரலாம், வாயால் சொன்னாலும் போதும். சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு. ஆனால் வழக்கு உயர் நீதிமன்றம் போனால் அங்கே ஆங்கிலத்தில்தான் வாசிக்கப்படும். நமக்கு நடந்ததை இன்னொருவர் மழுக்கி எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ள நம் பிள்ளைகளில் நாலு பேருக்காவது இந்த வேறுபாடுகள் தெரிந்திருக்க வேண்டும்.